ஆட்டத்துக்குப் போகும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர்ச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிறது. அதில் மூன்று பையன்கள். நடுவில் இருப்பவன் மடியில் பெரிய பை. கடைசியில் இருப்பவன் கையில் இரண்டு மட்டை. ஹேண்டிலில் தண்ணீர் கேன் தொங்கி ஆடுகிறது. யார் தலையிலும் கவசம் இல்லை. பக்கத்து ஊரில் ஆட்டம். அதற்குத்தான் போகிறார்கள்.

இந்தக் காட்சியை நம் நாட்டின் எந்த மாநிலத்திலும் பார்க்கலாம்.

விளையாட்டு நல்லது. உடம்புக்கு நல்லது. நாலு ஊர்ப் பிள்ளைகள் பழகுவதற்கும் நல்லது. வண்டியும் நல்லதுதான். பஸ் போகாத ஊருக்கும் அது போகிறது. ஆனால் ஆளையும் மட்டையையும் அதில் எப்படி ஏற்றுகிறோம்? இந்தப் பாடம் அதைப் பற்றியது. விளையாடுகிறவர்கள் படிக்க வேண்டும். அவர்களை வழியனுப்பும் அம்மா, அப்பா, அண்ணன், அக்காவும் படிக்க வேண்டும்.

எத்தனை உயிர்?

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. இவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அதாவது, இறந்த 100 பேரில் ஏறக்குறைய 44 பேர்.

தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர்.

எண்ணைப் படித்துவிட்டோம். இனி நம் ஊர் வண்டியைப் பார்ப்போம்.

மையத்தில் ஒரு பேச்சு

எங்கள் படிப்பு மையத்துக்கு ஒரு அக்கா வருவார். தையல் வேலை செய்பவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, இப்போது செய்தித்தாள் படிக்கிறார். பக்கத்தில் வண்டி மெக்கானிக் அண்ணன் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவரும் மாலையில் வந்து உட்காருவார். ஒருநாள் பேச்சு இப்படிப் போனது.

அக்கா: தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் பையன் அவன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பதினாறு வயசு. நன்றாகத்தான் ஓட்டுகிறான். ஆனாலும் அவன் திரும்பி வரும்வரை எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

மெக்கானிக்: தங்கச்சி, நன்றாக ஓட்டுகிறான், சரி. கையில் மட்டை இருக்கும்போது எப்படி ஓட்டுகிறான் என்று பார்த்திருக்கிறாயா?

அக்கா: மட்டையை அவன் பிடிப்பதில்லை அண்ணா. பின்னால் உட்காருகிற பையன் குறுக்கே பிடித்துக்கொள்வான்.

மெக்கானிக்: குறுக்கேயா? உன் டேப்பை எடு. அளந்து பார்த்துவிடலாம்.

அக்காவின் பையனையும் கூப்பிட்டோம். அவன் கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அளந்து பார்ப்போம்

கடையில் நின்ற 100 சிசி வண்டி ஒன்றை அளந்தோம். ஒரு ஹேண்டில் முனையிலிருந்து மறு முனை வரை 72 செ.மீ. இருந்தது.

பிறகு சாமான்களை அளந்தோம். விளையாட்டு விதிகளில் உள்ள அளவுகளையும் சேர்த்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

கிரிக்கெட் மட்டை: நீளம் 96.5 செ.மீ. வரை.
ஸ்டம்ப்: உயரம் 71 செ.மீ.
ஹாக்கி மட்டை: நீளம் 105 செ.மீ. வரை.
கேரம் போர்டு: ஆடும் பரப்பு மட்டும் 74 செ.மீ. சதுரம். சட்டம் தனி.
ஈட்டி, பெண்களுக்கு: 2.2 முதல் 2.3 மீட்டர்.
ஈட்டி, ஆண்களுக்கு: 2.6 முதல் 2.7 மீட்டர்.

மட்டையைக் குறுக்கே வைத்தால் என்ன ஆகும்? வண்டியின் அகலம் 72. மட்டையின் நீளம் 96. இரண்டு பக்கமும் 12 செ.மீ. வெளியே நீட்டும். ஓட்டுபவர் தன் ஹேண்டில் நுழையும் இடத்தைத்தான் கணக்கு வைத்துப் போவார். பின்னால் நீட்டும் மட்டை அவர் கண்ணுக்குத் தெரியாது. எதிரே வருபவர் தோளில் அது இடிக்கும். லாரிப் பக்கம் உரசினால் வண்டியே திரும்பிவிடும்.

மோட்டார் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். ஈட்டி அதைவிட நீளம். ஆகவே ஈட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றும் சாமானே இல்லை.

பையன் கேட்டான், அண்ணன் சொன்னார்

பையன்: நான் மெதுவாகத்தான் போகிறேன் மாமா. நாற்பதுக்கு மேல் போவதில்லை.

மெக்கானிக்: நாற்பது என்றால் எவ்வளவு தெரியுமா? ஒரு மணி நேரத்தில் 40 கி.மீ. அதையே ஒரு நொடிக்குக் கணக்குப் போடு. 11 மீட்டர் வரும். உன் பிட்ச் ஸ்டம்பிலிருந்து ஸ்டம்ப் வரை எத்தனை கெஜம்?

பையன்: 22 கெஜம்.

மெக்கானிக்: ஏறத்தாழ 20 மீட்டர். ஒரு மாடு குறுக்கே வருகிறது. நீ பார்க்கிறாய். பிரேக்கில் கை வைக்கிறாய். அதற்கே ஒரு நொடி போய்விடும். அதற்குள் வண்டி பாதி பிட்சைத் தாண்டிவிடும். பிரேக் பிடிப்பதே அதன் பிறகுதான். அந்த நேரத்தில் ஹேண்டிலில் தொங்கும் கேன் உன் விரலை மறித்தால்?

பையன் பதில் சொல்லவில்லை.

சாமான் எப்படி ஆளைக் கவிழ்க்கிறது?

மோட்டார் சைக்கிள் இரண்டு சக்கரத்தில் நிற்கிறது. ஓட்டுபவர் ஹேண்டிலையும் தன் உடம்பையும் கொண்டுதான் அதை நேராக வைத்திருக்கிறார். சாமான் இதை நாலு விதத்தில் கெடுக்கும்.

ஒன்று, ஹேண்டிலில் தொங்கும் பை. வண்டி திரும்பும்போது பை ஆடும். ஆடும் பாரம் ஹேண்டிலை ஒரு பக்கம் இழுக்கும். பையின் வார் பிரேக்கிலோ கிளட்சிலோ மாட்டிக்கொள்ளும்.

இரண்டு, டாங்க் மேல் வைத்த பை. ஹேண்டில் முழுதாகத் திரும்பாது. நேர்ச் சாலையில் இது தெரியாது. வளைவில்தான் தெரியும்.

மூன்று, மிகவும் பின்னால் வைத்த பாரம். தண்ணீர் கேன் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அதைக் கேரியரின் கடைசியில் கட்டினால் வண்டியின் பின்பக்கம் அழுந்தும். முன் சக்கரம் லேசாகும். லேசான சக்கரம் சொன்ன பக்கம் திரும்பாது.

நான்கு, காற்று. கேரம் போர்டை ஒருவர் பின்னால் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அது படகின் பாய் மாதிரி. பஸ் ஒன்று வேகமாகக் கடந்து போகும்போது அந்தக் காற்று போர்டைத் தள்ளும். போர்டு ஆளைத் தள்ளும். ஆள் வண்டியைத் தள்ளுவார்.

ஆகவே ஒரு விதியை மனத்தில் வையுங்கள். ஓட்டுபவரின் இரண்டு கையும், இரண்டு காலும், ஹேண்டிலும் தாராளமாக அசைய வேண்டும். பின்னால் உட்காருபவரின் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். இதற்கு இடம் கொடுக்காத சாமானை வண்டியில் ஏற்றக் கூடாது.

எப்படிக் கட்டுவது?

அந்த அக்கா பழைய தார்ப்பாயில் நீளமாக ஒரு பை தைத்தார். கயிறு மாட்டுவதற்கு நாலு மூலையிலும் காது வைத்தார். அதை வைத்து மெக்கானிக் அண்ணன் கட்டிக் காட்டினார். நீங்களும் இப்படிச் செய்யலாம்.

1. கிட் பேக் ஏற்றும் வண்டியில் ஓட்டுபவர் மட்டும் போகட்டும். பின் சீட்டு முழுவதும் பைக்குத்தான்.

2. எல்லாச் சாமானையும் ஒரே பையில் போடுங்கள். ஸ்டம்பின் கூர்முனையைத் துணியால் சுற்றுங்கள். கூர்முனை எதுவும் பைக்கு வெளியே தெரியக் கூடாது.

3. பையை நீளவாக்கில் படுக்க வையுங்கள். குறுக்கே வேண்டாம். நட்டமாகவும் வேண்டாம். மட்டையின் கனமான அடிப்பக்கம் ஓட்டுபவரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மெல்லிய கைப்பிடி பின்பக்கம் போகட்டும். அப்போது பாரம் வண்டியின் நடுவை ஒட்டி நிற்கும்.

4. மட்டையின் கைப்பிடி கேரியரைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டலாம். அங்கே சிவப்புத் துணி கட்டுங்கள். பின் விளக்கும், இண்டிகேட்டரும், நம்பர் பலகையும் மறையக் கூடாது.

5. முன்பக்கம் ஒரு கட்டு, பின்பக்கம் ஒரு கட்டு. இரண்டு கட்டு கட்டாயம். ஒரே கட்டு என்றால் பை திசைகாட்டி முள் மாதிரி சுழலும். சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வார் நன்றாகப் பிடிக்கும். வெடிப்பு விட்ட பழைய வார் வேண்டாம்.

6. கொக்கி வைத்த ரப்பர் கயிறு என்றால் கவனம். இழுக்கும்போது கொக்கி நழுவினால் நேராகக் கண்ணில் அடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மாட்டுங்கள்.

7. மிச்சக் கயிற்றைத் தொங்க விடாதீர்கள். மடித்துச் செருகுங்கள். தொங்கும் கயிறு செயினிலோ சக்கரக் கம்பியிலோ சுற்றினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

8. பை சைலன்சரில் படக் கூடாது. நைலான் பை சூட்டில் உருகும்.

9. கட்டிய பிறகு பையைப் பிடித்து உலுக்குங்கள். வண்டி ஆட வேண்டும், பை தனியாக ஆடக் கூடாது. இரண்டு கி.மீ. போனதும் நிறுத்தி, கட்டை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

10. பாரம் ஏற்றும் நாளில் டயர் காற்றைப் பாருங்கள். ஒருவர் போனால் எவ்வளவு, இருவர் போனால் எவ்வளவு என்று வண்டியில் ஒட்டிய சீட்டில் போட்டிருக்கும். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும் இருக்கும்.

பின்னால் உட்காருபவருக்கு

பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க நாமும் பின்னால் உட்கார்ந்து போகிறோம். அப்போது மடியில் பை வேண்டாம். ஒரு கை கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும். கால் ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகுங்கள். பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும். துணி மாட்டாமல் இருக்கத்தான் அந்த மூடி. சேலை கார்டு என்று சொல்கிறோமே, அதுதான். அழகுக்காக அதைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. கழற்ற விடாதீர்கள்.

அந்தத் தலைக்கவசம் வேறு, இந்தத் தலைக்கவசம் வேறு

அந்தப் பையன் ஒரு கேள்வி கேட்டான். "பேட்டிங் செய்யும்போது போடுகிற ஹெல்மெட் எங்களிடம் இருக்கிறது. வண்டியிலும் அதையே போட்டுக்கொண்டால் போதாதா?"

போதாது. கிரிக்கெட் ஹெல்மெட் பந்தைத் தடுக்கச் செய்தது. ஒரு பந்து 160 கிராம் அளவுதான் இருக்கும். வண்டியிலிருந்து விழும்போது முழு உடம்பின் வேகத்தோடு தலை தார்ச் சாலையில் மோதும். அந்த மோதலைத் தாங்க உள்ளே தடித்த நுரைப் பகுதி வேண்டும். அது நசுங்கித் தலைக்கு வரும் அடியைக் குறைக்கும்.

ஆகவே வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். அதோடு ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்கும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத வண்டி ஹெல்மெட்டைச் செய்யவும் விற்கவும் கூடாது. தாடைக்குக் கீழே வாரை மாட்டுங்கள். வார் மாட்டாத ஹெல்மெட் ஆள் விழும் முன்பே கழன்று விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. 2019-இல் அது திருத்தப்பட்டது.

வயது: கியர் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும் வேண்டும்.

ஆட்கள்: ஓட்டுபவரோடு ஒருவர்தான் போகலாம். மூன்று பேர் போனால் 1,000 ரூபாய் அபராதம். உரிமம் 3 மாதம் செல்லாது.

தலைக்கவசம்: 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் கட்டாயம். பின்னால் உட்காருபவருக்கும் உண்டு. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மட்டும் விலக்கு. அபராதம் 1,000 ரூபாய். உரிமம் 3 மாதம் செல்லாது.

பெட்டி: 2020-இல் வந்த விதிப்படி வண்டியில் எடை குறைந்த பெட்டி பொருத்தலாம். நீளம் 55 செ.மீ., அகலம் 51 செ.மீ., உயரம் 50 செ.மீ.க்கு மேல் கூடாது. பின் சீட்டில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போக வேண்டும்.

இன்சூரன்ஸ்: பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான இன்சூரன்ஸ் கட்டாயம்.

சில மாநிலங்கள் அபராதத் தொகையை மாற்றியிருக்கின்றன. உங்கள் மாநிலத்தில் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த பகுதியை அந்த அக்காவே வாய்விட்டுப் படித்தார். "18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் அவருடைய பெற்றோரோ, காப்பாளரோ, வண்டிச் சொந்தக்காரரோ பொறுப்பு. 3 ஆண்டு வரை சிறை. 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது ஆகும் வரை உரிமம் கிடையாது."

படித்து முடித்துவிட்டுப் பையனைப் பார்த்தார். "இதில் அம்மா அப்பா என்றுதான் போட்டிருக்கிறது. சாவி இனி என்னிடம் இருக்கும்" என்றார். பையன் முகம் சுருங்கியது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

பிறகு என்ன செய்தார்கள்?

சாவியை வாங்கி வைத்தால் மட்டும் போதுமா? ஆட்டத்துக்குப் பிள்ளை போக வேண்டுமே. அக்கா அணியின் பையன்களைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினார். அணியில் உரிமம் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்தான். அவர்களில் ஒருவர் தனியாகக் கிட் பேக்கைக் கட்டிக்கொண்டு வண்டியில் போவது என்று முடிவானது. மற்றவர்கள் காலை ஆறு மணி பஸ். பஸ் இல்லாத ஊர் என்றால் எல்லாரும் பங்கு போட்டு ஒரு சிறிய டெம்போ. ஈட்டி, கேரம் போர்டு, வலைக் கம்பம் எல்லாம் அதில்தான். தண்ணீர் கேனை ஆடும் ஊரிலேயே வாங்கிக்கொள்வது.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போன பையன் ஆட்டத்தில் தோற்றுத்தான் வந்தான். அன்று அக்கா இரண்டு ரவிக்கை தைத்து முடித்திருந்தார்.

விபத்து நேர்ந்தால்

ஆம்புலன்சுக்கு 108. எந்த அவசரத்துக்கும் 112. அடிபட்டவரின் கழுத்தைத் திருப்பாதீர்கள். தூக்கி உட்கார வைக்காதீர்கள். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

"உதவி செய்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே" என்று பயப்பட வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. பெயர் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

2025 மே மாதம் மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெற வழி உண்டு. அங்கே போனதும் இதைக் கேளுங்கள்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்

1. மட்டையை ஏன் குறுக்கே வைக்கக் கூடாது?
2. ஒரே கட்டு ஏன் போதாது?
3. கிரிக்கெட் ஹெல்மெட்டை வண்டியில் ஏன் போடக் கூடாது?
4. 16 வயதுப் பையன் கியர் வண்டி ஓட்டினால் யார் பொறுப்பு?

ஆ. கணக்குப் போடுங்கள்

1. வண்டி அகலம் 72 செ.மீ. ஹாக்கி மட்டை 105 செ.மீ. குறுக்கே வைத்தால் மொத்தம் எவ்வளவு வெளியே நீட்டும்?
2. டெம்போ வாடகை 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 11 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு? மூன்று பேர் போனதற்குக் கட்டும் 1,000 ரூபாயில் எத்தனை பேர் பங்கைக் கொடுக்கலாம்?

இ. செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு வண்டியின் காகிதங்களை எடுங்கள். இன்சூரன்ஸ் முடியும் தேதியைப் படியுங்கள். உரிமத்தில் உள்ள பெயரையும் தேதியையும் படியுங்கள். டயர் காற்றின் அளவைப் படியுங்கள். மூன்றையும் நோட்டில் எழுதி மையத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ஈ. கலந்து பேசுங்கள்

உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு எப்படிப் போகிறார்கள்? பெண் பிள்ளைகள் போகிறார்களா? அவர்கள் போய் வர என்ன ஏற்பாடு செய்யலாம்? வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அணியின் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள்.